இருபது வரிசைப் பாடம்

ஷைஜாவுக்கு ஒரே ஒரு பேப்பர்தான் பாக்கி. ஐரோப்பிய வரலாறு. பி.ஏ. கடைசி வருடம் அப்பா படுக்கையில் விழுந்தபோது விட்டுப்போனது. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அவர் பால்வெட்டிய ரப்பர் மரங்களில் இவள் பால்வெட்டத் தொடங்கி ஆறு வருடம் ஆகிவிட்டது. நடுவே இரண்டு தடவை எழுதிப் பார்த்தாள், பாஸ் கிடைக்கவில்லை. இந்த வருடம் பல்கலைக்கழகம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: பழைய மாணவர்களுக்கு இதுவே கடைசி வாய்ப்பு. பாஸானால் எஸ்டேட் ஆபீஸில் கிளார்க் வேலைக்கு மனுப் போடலாம். இல்லையென்றால் சாகும்வரை கீரிப்பாறை மலையும் கையில் பால்நாற்றமும்தான்.

படிக்க நேரமெங்கே? விடியுமுன் வெட்டு, பிறகு பால் எடுப்பு, வீட்டுக்கு வந்தால் உட்கார்ந்த இடத்தில் தூக்கம். அப்போதுதான் செல்போன் வீடியோவில் ஒரு மகராசன் வழி சொன்னான். நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தை மனதில் நினைத்து, அங்கே ஒவ்வொரு மூலையிலும் ஒரு பதிலை வைத்துவிட்டால் மறக்கவே மறக்காதாம். அவன் உதாரணத்துக்குக் காட்டிய வீட்டில் பன்னிரண்டு அறை. ஷைஜாவின் வீட்டில் இரண்டு. ஆனால் மரம் இருநூற்று எண்பது இருந்தது. இருபது வரிசை, வரிசைக்குப் பதினாலு.

ஒரு வரிசைக்கு ஒரு கேள்வி, ஒரு மரத்துக்கு ஒரு பாயிண்ட் என்று வைத்தாள். பட்டையைக் கீறி, பால் இறங்க, சிரட்டையை நிமிர்த்தி வைப்பதற்குள் ஒரு பாயிண்டை மூன்று தடவை சொல்லிவிடலாம். முதல் வரிசையில் பிரெஞ்சுப் புரட்சி, பதிமூன்றாவதில் ஜெர்மனி ஒன்றானது, இருபதாவதில் முதல் உலகப்போருக்குப் பின் வந்த சர்வதேச சங்கம் தோற்ற காரணங்கள்.

பக்கத்துத் தோட்டம் வெட்டும் டெல்சி முதலில் பயந்துபோனாள். "ஏட்டி, மரத்துக்கிட்ட என்னட்டி பேசிட்டிருக்கே? வீட்டுல சொல்லணுமா?"

விஷயம் தெரிந்ததும் அவளே நோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். ரோட்டோர முதல் மரத்தில் தொடங்கி, மேலே இருபதாவது வரிசையின் கடைசி மரம் வரை ஒன்றுகூடப் பிசகவில்லை.

"பாஸுதான் மக்கா, எழுதி வச்சுக்கோ," என்றாள் டெல்சி.

இருவரும் கெட்டிக்காரிகள்தான். ஆனால் பால்வெட்டுகிற எவளும் நடுமரத்தில் தொடங்குவதில்லை. அதனால் நடுவிலிருந்து ஒரு கேள்வி கேட்டுப் பார்க்க இருவருக்குமே தோன்றவில்லை.

நவம்பரில் பரீட்சை. முதல் கேள்வியே ஜெர்மனி. ஷைஜா மனதுக்குள் நேரே பதிமூன்றாவது வரிசைக்குப் போய் நின்றாள். மரங்கள் எல்லாம் ஒன்றுபோல் வாய்மூடி நின்றன. வேறு வழியில்லாமல் ரோட்டோரத்துக்கு இறங்கி, முதல் மரத்திலிருந்து வெட்டிக்கொண்டே ஏறினாள். பதிமூன்று வந்தது, பதிலும் வந்தது, எழுதினாள். அடுத்தது ஆறாவது வரிசை. மறுபடி முதல் மரம். அதற்கடுத்தது பதினாறு. மறுபடி முதல் மரம். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைகள் கூடுதல் தாள் வாங்கி வாங்கி எழுத, இவள் பேனாவை நிறுத்திவிட்டு மலை ஏறிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக ஒரு பத்து மார்க் கேள்வி: சர்வதேச சங்கம். இவள் பதினேழாவது வரிசையில் மூச்சு வாங்கியபோது மணி அடித்துத் தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

கிறிஸ்மஸ் கழிந்து ரிசல்ட் வந்தது. தோட்டத்தில் பத்தொன்பதாவது வரிசைக்கு ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று பார்த்தாள். வேண்டியது முப்பது. கிடைத்தது இருபத்தாறு.

"பாஸானியா?" என்று டெல்சி கீழேயிருந்து கூப்பிட்டுக் கேட்டாள்.

ஷைஜாவுக்கு ஓவென்று கத்தி அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் வெயில் ஏறினால் பால் குறையும். இன்னும் ஒரு வரிசை பாக்கி. போனை இடுப்பில் செருகிக்கொண்டு இருபதாவது வரிசையின் முதல் மரத்தில் கத்தியை வைத்தாள். அமெரிக்கா சேரவில்லை என்றது மனசு. அடுத்த மரத்தில், சங்கத்துக்கெனத் தனிப்படை இல்லை. வேண்டாம் வேண்டாமென்று தலையை உலுக்கினாள். விடவில்லை. பதினாலு மரத்திலும் பதினாலு காரணமும் வந்தன.

நாளை மறுநாள் திரும்பவும் இதே மரங்களை வெட்ட வேண்டும்.