முத்துத்தாய் போட்ட கோஷம்

கீழக்குயில்குடிக்குத் தெற்கே ஒரு சிற்றூர். முத்துத்தாய்க்கு அங்கே களையெடுப்பும் அறுப்பும்தான் பிழைப்பு. எண்பத்து மூன்றில் கண்மாய் வறண்டு வேலையே இல்லாமல் போனது. கிணறு வெட்டும் கூலிக்கு எழுமலைப் பக்கம் போன கணவன் காளை இரண்டு மாதமாகத் திரும்பவில்லை. பிள்ளைகள் மூன்றும் வறுத்த புளியங்கொட்டையை ஊறவைத்துத் தின்றன.

தாலுகா ஆபீசுக்கு மூன்று முறை மனுவோடு நடந்தாள். பெரிய கட்சிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கஞ்சித்தொட்டி திறந்தது மண்காப்பு முன்னணிதான். அதற்கு முன் அந்தப் பெயரை ஊரில் யாரும் கேட்டதில்லை. அதன் பொறுப்பாளன் மொக்கையன் தானே நின்று ஊற்றுவான். "பிள்ளைகளுக்கும் வாங்கிக்கக்கா" என்று அவன் சொன்னதற்கே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கஞ்சி ஆறும்வரை மொக்கையனின் பேச்சு நடக்கும். "நம்ம கெணறெல்லாம் வத்திப்போச்சு. மிஷன் கெணத்துல மட்டும் எப்படிக்கா தண்ணி கெடக்கு? அது யாரு மண்ணு?"

கிறிஸ்தவ மிஷன் மருந்தகத்து நர்ஸ் ஆரோக்கியம் அந்தக் கிணற்றை ஊருக்கே திறந்துவிட்டிருந்தார். முத்துத்தாயும் அங்கேதான் தண்ணீர் எடுத்தாள். கடைக்குட்டி மகள் பிறந்தபோது பேறு பார்த்ததும் அந்த நர்ஸ்தான். ஆனாலும் குடத்தோடு வெயிலில் வரிசையில் நிற்கும்போது மொக்கையனின் கேள்வி மனதை அரித்தது. மழை பெய்யாததற்கு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் இருந்தவளுக்கு இப்போது திட்ட ஓர் ஆள் கிடைத்தது.

சித்திரையில் ஒரு காலை முன்னணியின் ஊர்வலம் மருந்தகத்துக்குக் கிளம்பியது. கணீரென்ற குரல் என்று அவளை முன்னால் நிறுத்தினார்கள்.

"ஆரோக்கியமே வெளியேறு!"

நர்ஸ் வாசலுக்கு வந்தார். "எங்க போகச் சொல்ற முத்துத்தாயி? நான் பொறந்ததே திருமங்கலத்துலதான."

முத்துத்தாய் இன்னும் சத்தமாகக் கத்தினாள். மூன்றாம் நாள் மருந்தகத்தைப் பூட்டிவிட்டு நர்ஸ் திருநகருக்குக் குடிபோனார். கிணற்றை முன்னணி எடுத்துக்கொண்டது. கட்சி உறுப்பினர் சீட்டு உள்ளவர்களுக்கே முதல் தண்ணீர். கட்சியில் சேர மறுத்த முனியாயிக்குக் கலங்கல்தான் கிடைத்தது. அதைப் பார்த்துக்கொண்டே முத்துத்தாய் தன் சீட்டைக் காட்டிக் குடத்தை நிரப்பினாள்.

ஐப்பசியில் மழை பெய்தது. காளையும் திரும்பி வந்தான். ஆனால் கஞ்சி ஊற்றியவனை ஊர் மறக்கவில்லை. எண்பத்தாறு பஞ்சாயத்துத் தேர்தலில் மொக்கையன் தலைவனானான். அவளும் அவனுக்குத்தான் ஓட்டுப் போட்டாள்.

மறுவருடம் கடைக்குட்டிக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. ஊரில் மருந்தகம் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருநகருக்கு ஓடினாள். ஆரோக்கியம் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டார். ஈரத்துணியால் பிள்ளையைத் துடைத்து, பெரியாஸ்பத்திரிக்குக் கூடவே பஸ்ஸில் வந்தார். சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது.

"பசிக்குத்தேன் போனேன், நர்ஸம்மா" என்றாள் முத்துத்தாய்.

"கஞ்சிக்குப் போனதுல தப்பில்ல. எம் பேரைச் சொல்லிக் கத்துனியே."

முத்துத்தாய் தலைகுனிந்தாள்.

அடுத்த ஊர்வலத்துக்கு மொக்கையனே வீட்டுக்கு வந்து கூப்பிட்டான்.

"நீ கஞ்சி ஊத்துனத மறக்கல தம்பி," என்றாள். "ஆனா இனிமே யாரையும் ஊரைவிட்டுப் போன்னு கத்த நான் வரல."

அவன் கட்சிச் சீட்டைத் திருப்பிக் கேட்டான். உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தாள்.