வயலுக்கும் நோன்பு

கமருன்னிஸா வயலுக்கு வந்தால் குடையை மேற்கே சாய்த்துப் பிடித்துக்கொள்வார். காலை வெயிலோ கிழக்கிலிருந்து அடிக்கும். கேட்டால், "அந்தப் பக்கம் கண்ணு போச்சுன்னா கை சும்மா இருக்காதும்மா" என்பார்.

அந்தப் பக்கம் மண் வெடித்துக் கிடக்கும். அப்படித்தான் கிடக்க வேண்டும். கணவர் அப்துல் ஜலீல் விட்டுப்போன ஒரு ஏக்கரை நடுவரப்புப் போட்டு இரண்டாக்கி, வேளாண் அலுவலர் மோகனப்பிரியா சோதனை வைத்திருக்கிறார். ஒரே நெல், ஒரே உரம். கிழக்குப் பாதியில் எப்போதும்போலத் தண்ணீர் நிற்கும். மேற்கில் காய்ச்சலும் பாய்ச்சலும்: மண்ணில் புதைத்த ஓட்டைக் குழாயில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கினால்தான் மடை திறக்கலாம். குறைந்த தண்ணீரில் அதே விளைச்சல் வந்துவிட்டால், மேட்டூர் திறக்கத் தாமதமானாலும் போர்வெல் தண்ணீரிலேயே முழு ஏக்கரையும் நடலாம். இல்லையென்றால் பாதி தரிசுதான்.

போன தடவை கமருன்னிஸாவே சோதனையைக் கெடுத்தார். ஆற்றுப்பாசனத்தில் வளர்ந்தவருக்கு வெடித்த நெல்வயல் என்றால் பசித்தழும் பிள்ளை. ஆளில்லாத நேரம் பார்த்து மேற்கு மடையையும் திறந்துவிட்டார். இரண்டு பாதியும் ஒன்றுபோல் விளைந்தன. மோகனப்பிரியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பக்கத்து வயல் கண்ணுசாமி போட்டுக்கொடுக்கும்வரை.

"பாவம்னு ஒரு வாய் குடுத்தேம்மா."

"இன்னொரு வாய் குடுத்தீங்கன்னா, குழாயப் புடுங்கிட்டு வேற வயலுக்குப் போயிடுவேன்க்கா!"

இந்தத் தடவை கோடை நெல்லோடு ரமலானும் சேர்ந்து வந்தது. கண்ணுசாமிக்கு வாய் சும்மா இருக்குமா? "என்ன தங்கச்சி, நீயும் பட்டினி, நெல்லும் பட்டினியா?"

"பட்டினி இல்லண்ணே, நோன்பு. நேரம் வந்தா தொறக்க மாட்டோமா?"

பதிலுக்குச் சொன்னதுதான். ஆனால் சொன்னபின் அவருக்கே அது பிடித்துப்போயிற்று. குடையை மடக்கினார். வெடிப்புகளை நேருக்கு நேர் பார்த்து, "பொறுத்துக்க, நானும்தான் இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். மடைப் பக்கம் போகவே இல்லை.

நேற்று மாலை குழாய்க்குள் எட்டிப் பார்த்த மோகனப்பிரியா தலையசைத்தார். மோட்டார் ஓடியது. கமருன்னிஸா மண்வெட்டியால் மேற்கு மடையை வெட்டிவிட்டுக் கையைக் கழுவும்போது பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது.

"அக்கா, பாங்கு சொல்லிட்டாங்க. சாப்புடுங்க."

விரலிடுக்கில் பேரீச்சம்பழத்தோடு அவர் வரப்பில் குந்தியிருந்தார். தண்ணீர் தயங்கித் தயங்கி வந்து, முதல் வெடிப்புக்குள் இறங்கி, குமிழ் விட்டது. அப்புறம்தான் பழத்தை வாயில் போட்டுக்கொண்டார்.