நடுவில் நின்ற ஊசி

மூணாறிலிருந்து வட்டவடை செல்லும் ஜீப்பில் ஒருமுறை விமானி ஒருவர் என் பக்கத்தில் அமர்ந்து வந்தார். நன்கு மழித்த முகம். உறக்கம் போதாத கண்கள். இன்னும் எவ்வளவு தூரம் என்று ஓட்டுநரிடம் கேட்டார். பதில் கிடைத்ததும் அதையே என்னிடமும் கேட்டார்.

"ஏன் சார், நான் என்ன பொய்யா சொல்லப்போறேன்?" என்று ஓட்டுநர் சிரித்தார்.

"தொழில் பழக்கம்ணே, தப்பா நினைக்காதீங்க," என்றவர், மழையில் ஒருமுறை விமானத்தை இறக்க முயன்றதைச் சொன்னார். சரியான சரிவில் இறங்குகிறோமா என்பதை, தரையிலிருந்து வரும் சிக்னலைக் கொண்டு ஓர் ஊசி காட்டுமாம். அன்று அந்தச் சிக்னல் பழுதாகியிருந்தது.

"ஊசி ஆடியிருந்தா உடனே தெரிஞ்சிருக்கும் ஐயா. அது நடுவுல அசையாம நின்னுச்சு, எல்லாம் சரிங்கிற மாதிரி. தூரத்தையும் உயரத்தையும் ஒத்துப் பார்த்தேன், பொருந்தல. இறக்காம மேல ஏத்திட்டேன்."

"அத்தனை உசுரும் பொழச்சுதே. வீட்ல சந்தோசப்பட்டிருப்பாங்களே சார்?" என்றேன்.

அவர் வெளியே மூடுபனியைப் பார்த்தபடி சொன்னார். "நல்லா இருக்கேன்னு என் மனைவி சொன்னாலும், அவங்க அம்மாகிட்ட இன்னொரு தடவை கேட்பேன். அது அவளுக்குத் தெரிஞ்ச அன்னைக்கு என்னை விட்டுப் போயிட்டா."

ஜீப்பை விட்டு இறங்கும்போது, மறுநாள் மதிய உணவுக்கு என் இல்லத்திற்கு வருமாறு அழைத்தேன். வருவதாகச் சொன்னார். என் மனைவி பூண்டுக் குழம்பு வைத்து, தானும் உண்ணாமல் காத்திருந்தாள். அவர் வரவில்லை. நான் மனதார அழைத்தேன் என்பதை அவர் நம்பினாரா என்பது இன்றளவும் எனக்கு விளங்கவில்லை.