உடம்புச் சூடு

கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி ஒரு கிருமியோடுதான் குடித்தனம் நடத்துகிறாள். நான் நடுவில் வந்து போகிறவன். ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு இரண்டு பெட்டிகள் உண்டு. ஒன்று குளிர்ந்தது, மற்றொன்று உடம்புச் சூட்டில் இருப்பது. இரண்டிலும் அதே கிருமிதான் வளரும். குளிரில் அது பரம சாது. உடம்புச் சூடு பட்டதும், அதற்குள் மடங்கிக் கிடக்கும் ஓர் உத்தரவு மடிப்புப் பிரியும்; அதைப் படித்துத்தான் அது ஆயுதம் செய்யத் தொடங்கும். எந்த வீட்டு விருந்துக்குப் போனாலும் இதைச் சொல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. நான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சாப்பிடப் பழகிவிட்டேன். வாயைப் பிளந்துகொண்டு கேட்ட ஒரே ஆள் அவள் தங்கை.

அந்தத் தங்கைக்கு வெகுகாலம் கழித்து வயிற்றில் ஒன்று தங்கியது. ஏழாம் மாதம் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தானே என்று விட்டுவிட்டார்கள். கடைசியில் ரத்தப் பரிசோதனையில் அகப்பட்டது அக்காவின் கிருமி. ஃபிரிட்ஜில் வைத்த எதையோ சாப்பிட்டதில் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். மருந்து ஏற்றினார்கள். குழந்தையை எட்டியிருக்குமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார். அந்தப் 'பார்க்கலாம்' மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

நாங்கள் அறைக்குள் போனபோது, அவள் கணவன் மருந்து வாங்கக் கீழே ஓடியிருந்தான். அவள் போர்வையைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு, உடுப்பெல்லாம் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, மின்விசிறிக்கு நேராகப் படுத்திருந்தாள். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. வெந்நீர்கூடக் குடிக்க மாட்டேன் என்கிறாள் என்று நர்ஸ் அலுத்துக்கொண்டார்.

"சூடு பட்டாத்தானேக்கா அது ஆயுதம் செய்யும்? நான் சூடாகாம பாத்துக்கறேன்."

என் மனைவி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு போர்வையை எடுத்துப் போர்த்தப் போனாள். தங்கை கையைத் தட்டிவிட்டாள்.

"உள்ள இருக்கற சூட்ட யாராலயும் இறக்க முடியாதுடி. குழந்தை வளர்றதும் அதே சூட்டுலதான்."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"தெரியலடி."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதே இல்லை. வெளியே வந்ததும், அந்த மடிப்பைப் பிரியவிடாமல் தடுக்க ஏதாவது மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். கண்ணாடிக் குழாய்க்குள் என்னென்னவோ செய்து பார்க்கிறோம், மனுஷருக்குக் கொடுக்க ஒன்றும் வரவில்லை என்றாள். இவ்வளவு தெரிந்தவளே கையைப் பிசைந்துகொண்டு நின்றால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

மறுநாள் ஸ்கேனில் துடிப்பு இல்லை. டாக்டர் தங்கையிடமே சொல்லிவிட்டுத் தலை குனிந்தபடி போனார். மின்விசிறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. விரல் நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. அவள் அழவில்லை. எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, இப்ப போத்திக்கலாம்ல?"