ஐடெல்லா அத்தையின் ஒழுகும் கூரை

ஐடெல்லா க்ரௌஸுக்குப் பொய் சொல்ல வராது என்று எங்கள் ஊரில் எல்லோரும் அடித்துச் சொல்வார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்!

மேற்கு வர்ஜீனியாவில், நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகும் சாலையில்தான் அத்தையின் கடை. மாவு, மண்ணெண்ணெய், பூட்ஸ், தோட்டா எல்லாம் ஒரே கூரையின் கீழ். சொந்தமில்லை என்றாலும் வயதில் மூத்த பெண்கள் எல்லோரும் எங்களுக்கு அத்தைதான். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். எடையில் ஒரு பருக்கை குறையாது, வாயில் ஒரு சொல் குறையாது.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருடம், சுரங்கத்தில் அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. அப்படியும் எனக்காக ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றைப் பழையதாக, சல்லிசாக வாங்கிவந்தார். நானூற்றுப் பத்து என்போம். குழல் மெலிந்தது, உதை குறைவு, பிள்ளைகள் கைக்கு அடக்கம். சின்னத் துப்பாக்கி, சின்னத் தோட்டா, அப்படியென்றால் விலையும் சின்னதாகத்தானே இருக்கும்? அதுதான் அப்பாவின் கணக்கு. எங்கள் பக்கத்து அப்பாக்களில் பாதிப்பேர் ஏமாந்த கணக்கு.

"ரெண்டே முக்கால் டாலர், ஓர்வல்," என்றாள் அத்தை, அப்பா கையில் எடுத்த தோட்டாப் பெட்டியைப் பார்த்து.

"என்னக்கா வெளையாடுறீங்களா? என் பெரிய துப்பாக்கித் தோட்டாவே ரெண்டு டாலர்தானே?"

"அதை ஊரே வாங்குது. இதை யாரு வாங்குறா? அதான் வெலை. சல்லிசா கெடச்சுதேன்னு கன்னுக்குட்டியை ஓட்டிட்டு வந்துட்டே. அது பசுவைவிட அதிகமாத் தின்னும்னு அப்ப தெரியலியா?"

அப்பாவின் காது சிவந்தது. "பொறவு பாத்துக்கலாம்," என்று பெட்டியைத் திரும்ப வைத்தார்.

"வேணும்னா எடுத்துட்டுப் போப்பா. காசு அப்புறம்..."

"வேணாங்க்கா." அந்த ஒரு சொல்லோடு பேச்சு முடிந்தது. கடனும் தானமும் அப்பாவுக்கு ஒன்றுதான்.

சனிக்கிழமை அணில் வேட்டை தொடங்குகிறது. என்னோடு படித்த அத்தனை பேரும் போவார்கள். இரவில் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை அப்பாவோடு மாவு வாங்கப் போனபோது அத்தை அதே நானூற்றுப் பத்துத் தோட்டாப் பெட்டி ஒன்றை மேஜையில் தொப்பென்று போட்டாள். அட்டை ஊறிப் போயிருந்தது.

"பாரு இந்தக் கொடுமையை! கூரை ஒழுகிடுச்சு. இதை எந்த மடையன் வாங்குவான்? ஒரு டாலர் குடுத்துட்டு என் கண்ணு முன்னாடி நிக்காம எடுத்துட்டுப் போ."

நசுங்கிய டப்பா, கிழிந்த மூட்டை, இதெல்லாம் பாதி விலைக்கு வாங்குவதில் எங்கள் ஊரில் யாருக்கும் கௌரவம் குறையாது. அப்பா பெருமையாகவே டாலரை எடுத்து வைத்தார்.

அந்தக் காலத்துத் தோட்டாவின் உறை காகிதம். நனைந்தால் உப்பிக்கொண்டு குழலுக்குள் இறங்காது. வீட்டில் அப்பா ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். இருபத்தைந்தும் வழுக்கிக்கொண்டு இறங்கின. ஒன்றில்கூட ஈரமில்லை. அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம அதிர்ஷ்டம், குட்டி," என்றார்.

மறுநாள் மலைமேல் நான்காவது தோட்டாவில் ஒரு அணில் விழுந்தது. அன்றைய குழம்பின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

திங்கட்கிழமை அப்பா ஏணியும் தார் டப்பாவுமாகக் கடைக்குக் கிளம்பினார், நானும் கூடவே போனேன். "கூரையைச் சரி பண்ணித் தர்றேங்க்கா. காசு வேணாம்." அத்தையின் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு, "பண்ணேன்," என்றாள்.

மேலே சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பொறுக்கமாட்டாமல் நானும் ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தேன். தகரத்தில் ஓர் ஊசித் துளைகூட இல்லை. அப்பா சாவகாசமாக உட்கார்ந்து, ஒரு கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார்.

"அடைச்சிட்டேங்க்கா," என்றார் கீழே இறங்கிவந்து.

"எத்தனை ஓட்டை?"

"மூணு."

"மூணா? நான் ரெண்டுன்னுல்ல நெனச்சேன்!"

அடுத்த அக்டோபரில் அதே அலமாரியில் அதே அளவுப் பெட்டி ஒன்று நனைந்திருந்தது. "நீ அடைச்ச லட்சணத்தைப் பாரு ஓர்வல்!" என்று கடையே அதிரக் கத்தினாள். அப்பா தலைகுனிந்து திட்டு வாங்கிக்கொண்டு, டாலரைக் கொடுத்துவிட்டு, ஏணி எடுக்கப் போனார். ஏழு வருடம் இப்படியே நடந்தது. இடையில் சுரங்கத்தில் முழுநேர வேலை திரும்பிய பிறகும் இருவரும் அதை விடவில்லை.

எனக்குப் பதினாறு வயதானபோது, ஒரு ஜனவரியில் அத்தை போய்ச்சேர்ந்தாள். அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும், நல்ல சட்டையோடேயே அப்பா ஏணியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

"இப்ப எதுக்குப்பா?"

"ஒழுகுதுன்னு சொல்லியிருந்தாங்க குட்டி."

நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்துத்தான் இறங்கிவந்தார். அன்று மேலே சுத்தியல் சத்தமே கேட்கவில்லை.