தாடையில் வந்த குரல்

மிக்கேலுக்குக் காது போனது அந்தமானின் மாயாபந்தரில் பாதிப் பேருக்குத் தெரியும். பெற்ற மகளுக்குத் தெரியாது. சிப்பி எடுக்க ஆழத்தில் முங்கி முங்கி இரண்டு காதிலும் சவ்வு கிழிந்துவிட்டது. பக்கத்தில் வந்து கத்தினால் கேட்கும். போனில் வருவதெல்லாம் கொசு ரீங்காரம்தான்.

மகள் பிரவீனா மெயின்லேண்டில் இருக்கிறாள், அப்பனைக் கேட்காமல் கட்டிக்கொண்ட கணவனோடு. மனைவி செலின் இருந்திருந்தால் அப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் நின்று பேசியிருப்பாள். அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஞாயிறு பூசை முடிந்ததும் பிரவீனா கூப்பிடுவாள். காது கேட்காதென்று தெரிந்தால் பிள்ளை பிழைப்பை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாளே என்று, மனிதர் எல்லாவற்றுக்கும் “ஆமா, ஆமா” என்று சமாளிப்பார். கொஞ்ச நேரத்தில் ரீங்காரம் அடங்கிவிடும். வீம்பு பிடித்த மனிதர்! அவள் குரலுக்கு அவர் ஏங்கிய ஏக்கம் அந்தோணியாருக்குத்தான் வெளிச்சம்.

ஒரு நாள் சுற்றுலாக்காரர்களை டிங்கிப் படகில் ஏற்றிப் போனபோது ஓங்கல் கூட்டம் ஒன்று கூடவே வந்தது. டால்பினுக்கு அவர் வீட்டில் அதுதான் பேர். பயணிகளுக்கு இந்தியில் விளக்கிக்கொண்டிருந்த வழிகாட்டி ஜோஸ்வா, அவர் பக்கம் வந்து தமிழில் கத்தினான்.

“சாச்சா, இதுக்குக் காது சும்மா ஊசி ஓட்டை! தாடை எலும்பு வழியாத்தான் கேக்குமாம். டிக் டிக்குனு சத்தம் விடும். அது மீன்ல பட்டுத் திரும்பி வந்து தாடையில ஏறும். கலங்கின தண்ணியிலயும் மீன் எங்கேன்னு பக்காவா தெரிஞ்சிரும்!”

“தாடையிலயா?”

“அரே, ஆமா சாச்சா!”

மிக்கேல் தாடையைத் தடவிப் பார்த்தார். காது அடைத்தாலும் எஞ்சின் சத்தம் பல்லுக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஞாயிறன்று போன் வந்தது. சத்தத்தை முழுக்கக் கூட்டி, காதுக்குப் பதில் தாடை எலும்பில் வைத்து அழுத்தினார். பல்லெல்லாம் கூசியது. அதற்குள்ளிருந்து, தேய்ந்துபோய், ஆனால் அவள் குரலேதான்.

“அப்பா, சாப்பிட்டீளா?”

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. “ஆமா, ஆமா.”

“இன்னும் எம்மேல கோவந்தானா?”

பழகின வாய் ‘ஆ’ என்று திறந்துவிட்டது. அப்படியே நின்றார். வாராவாரம் இதையா கேட்டாள்? இதற்கா ஆமா ஆமா என்றோம்?

“இல்ல மக்களே, கோவமே இல்ல!” என்று கத்தினார். “எனக்குக் காது கேக்காது, அதான்!”

போனைத் தாடையிலிருந்து எடுக்கவே இல்லை. அந்தப் பக்கம் அவள் அழுவது பல்லில் கேட்டது.