மூன்று கிழமை முந்திப் பறித்த மிளகு

"தம்பி, ஒரு பொய்ய எப்படி அழிக்கிறது?"

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், பிளேன்டீயை வாயில் வைப்பதற்கு முன் போனில் வந்த கேள்வி இது. கேட்டது என் ராத்தா, கூடப்பிறந்த மூத்தவர். உக்குவளைப் பக்கம் மிளகுத் தோட்டம் வைத்திருக்கிறார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்... அதனால் சொன்ன ஒரே பொய்யை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார். வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு இதில் அனுபவம் இருக்கும் என்று நினைத்திருப்பார் போலும்.

விஷயம் இதுதான். ராத்தாவும் அயலில் உள்ள ஏழு பெண்களும் ஒரு குழு. எட்டுப் பேரின் மிளகையும் ஒன்றாகச் சேர்த்து வாங்கி, வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரு கம்பெனி வந்திருக்கிறது. இதுதான் முதல் தடவை. ஒவ்வொரு மூட்டைக்கும் போனில் ஓர் ஆப்பைத் திறந்து விவரம் பதிய வேண்டும். யாருடைய தோட்டம், எத்தனை கிலோ, எதில் காயவைத்தது... கடைசியாக ஒரு கேள்வி: 'நன்றாக முற்றிய பிறகு பறித்ததா?'

சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்தால்தான் மிளகு முற்றியது என்று அர்த்தம். ஆனால் எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் அதுவரை பொறுத்திருக்கிறார்கள்? பொறுத்திருந்தால் ஒருநாள் விடியும்போது கொடி மட்டும்தான் மிஞ்சும். மணி சிவப்பதை நம்மைவிடக் கள்ளன் கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இந்த முறை பக்கத்துத் தோட்டம் இரண்டை வழித்துத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ராத்தா பயந்துபோய் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், முந்தியே பறித்துவிட்டார். ஆப் கேட்டது. ராத்தா 'ஆம்' என்று அமத்திவிட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'நிபந்தனைகளை வாசித்தேன்' என்று போன் கேட்கும்போதெல்லாம் நான் எதை அமத்துகிறேன்? ஒரு நிபந்தனையையாவது வாசித்திருக்கிறேனா?

ராத்தா 'ஆம்' அமத்திய மறுநாள் கம்பெனியில் இருந்து வந்த மிஸ் குழுவைக் கூட்டி, இது பிளொக்செயின், ஒருதரம் பதிந்தால் யாராலும் அழிக்க முடியாது, எங்கள் கம்பெனியாலும் முடியாது என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். ராத்தாவுக்கு மட்டும் வியர்த்துவிட்டது.

"முத்தாத மிளகு லேசு தம்பி. கொழும்புல டெஸ்ட் பண்ணினா பிடிபட்டுரும். என்ட ஒரு மூட்டையால எட்டுப் பேரு மிளகும் திரும்பி வந்துரும். நான் எந்த மொகத்தோட அவங்க வீட்டுப் படி ஏற?"

புறப்பட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், ராத்தாவின் கவலை பாதி, என் ஆர்வம் பாதி. பிளொக்செயின் என்ற சொல்லை யார் சொன்னாலும் 'ஓமோம்' என்று தலையாட்டிச் சமாளித்துவந்தவன் நான். அது என்ன, ஒரு கம்பெனி தன் பதிவைத் தானே அழிக்க முடியாத கூத்து? மாத்தளை ஸ்டாண்டில் பஸ் ஏறி, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, போனில் வாசித்துக்கொண்டே போனேன். பாதி விளங்கியது. மீதியை ராத்தா வீட்டு மேசையில் செய்துபார்ப்பது என்று முடிவு செய்தேன்.

ஒரு பழைய கொப்பியை எடுத்து முதல் பக்கத்தில் எழுதினேன்: 'ரிஃபாயா, பதினெட்டுக் கிலோ, முற்றியது.' ரிஃபாயா என்பது ராத்தாவின் பெயர். எழுத்துகளை எண்ணினோம். பதினேழு. அந்தப் பதினேழை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதிவிட்டுத்தான் அடுத்த மூட்டையின் விவரத்தைத் தொடங்க வேண்டும். அந்தப் பக்கத்தை, தலையில் உள்ள எண்ணோடு சேர்த்து எண்ணி, அதற்கடுத்த பக்கத்தின் தலையில். இப்படியே ஒவ்வொரு பக்கமும் தனக்கு முந்திய பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். முதல் பக்கத்தில் கை வைத்தால் எண் மாறும், அடுத்த பக்கம் காட்டிக்கொடுக்கும்.

ராத்தாவின் கணவர், என் மச்சான், பேனையை வாங்கினார். 'முற்றியது' என்பதை வெட்டி 'முற்றாதது' என்று எழுதினார்.

"இப்ப எண்ணிப் பாருங்க மச்சான்."

எண்ணினேன். அதே பதினேழு. மச்சான் சிரிக்கவில்லை, மீசையைத் தடவினார். அது இன்னும் மோசம்.

கம்ப்யூட்டர் இப்படி விரல் விட்டு எண்ணாது, ஒரு புள்ளி இடம் மாறினாலும் அதன் எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும் என்று விளக்கினேன். மச்சான் விடுவதாக இல்லை.

"சரி, எல்லாப் பக்கத்தையும் கிழிச்சுப் போட்டு புதுசா எழுதினா?"

அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். கொப்பி ஒன்றல்ல. எட்டுப் பேர் வீட்டிலும் அதே கொப்பி, அதே பக்கங்கள். ஒருவர் பதிந்தால் எட்டுக் கொப்பியிலும் ஏறும். ஒரு கொப்பியை மாற்றினால் மற்ற ஏழும் 'இல்லை' என்று சொல்லும். நிஜத்தில் அந்தக் கொப்பிகள் பல ஊர்களில் பலருடைய கம்ப்யூட்டர்களில் இருக்கின்றன. ஒரே அலுமாரி, ஒரே சாவி என்ற பேச்சே கிடையாது. பொய்க் கணக்கு எழுத நினைப்பவர் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும்.

"மெனிக்கே வீட்டுல நாய் இரிக்கி," என்றார் மச்சான். மெனிக்கே குழுவில் ஒருவர். இவ்வளவு சுருக்கமாக என்னால் விளக்கியிருக்க முடியாது.

எனக்குப் பரம சந்தோஷம். எவ்வளவு அழகான ஏற்பாடு... நிமிர்ந்து பார்த்தால் ராத்தாவின் கண் கலங்கியிருந்தது.

"அப்ப என்ட பொய் எட்டுக் கொப்பியிலயும் பத்திரமா இரிக்கி."

எனக்குச் சுருக்கென்றது. நான் வாசித்த எந்தக் கட்டுரையும் இதை இவ்வளவு நேராகச் சொல்லவில்லை. அந்த இயந்திரத்துக்கு மிளகு தெரியாது. முற்றியதா என்று கடித்துப் பார்க்காது. நாம் கொடுத்ததை அப்படியே காவல் காக்கும். உண்மை கொடுத்தால் உண்மையை, பொய் கொடுத்தால் பொய்யை.

அழிக்கத்தான் முடியாது. ஆனால் அடுத்த பக்கம் எழுத யார் தடுத்தார்கள்? ஆப்பைத் தடவிப் பார்த்தேன். 'திருத்தம்' என்று ஒன்று இருந்தது. பழைய பதிவு அப்படியே நிற்க, கீழே புதிய பதிவு. காரணமும் எழுத வேண்டும்.

"ரெண்டும் தெரியுமா?" ராத்தா கேட்டார்.

"தெரியும். நீங்க சொன்னதும் தெரியும், திருத்தினதும் தெரியும்."

ராத்தா எழுந்து குசினிக்குப் போனார். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கழுவ அங்கே ஒன்றுமே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு பெண் தன் பெயருக்குக் கீழே, ஊரறிய, நான் சொன்னது பொய் என்று தானே எழுதுவது லேசான காரியமா? நான் செய்வேனா? நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"எழுது தம்பி. 'முற்றவில்லை. கள்ளனுக்குப் பயந்து மூன்று கிழமை முந்திப் பறித்தது.' பிஸ்மி சொல்லி அமத்து."

அமத்தினேன்.

செவ்வாய்க்கிழமை ராத்தாவிடம் இருந்து மறுபடி போன். குரலே வேறு. ராத்தாவின் திருத்தம் குழுவில் எல்லோருடைய போனிலும் தெரிந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மெனிக்கே ஒரு திருத்தம் போட்டாராம். பிறகு இன்னொருவர். பிறகு இன்னும் மூன்று பேர். தலையாட்டிக்கொண்டிருந்த ஏழு பேரில் ஐந்து பேர். எல்லோரும் எழுதிய காரணம் அதே கள்ளன்தான். மிஸ் ஓடி வந்து, அந்த ஆறு மூட்டையையும் வேறாக்கி, லேசான மிளகு எண்ணெய் எடுக்க ஆகும், விலைதான் குறையும் என்று சொல்லியிருக்கிறார். முற்றிய இரண்டு மூட்டையும் முதல் தரத்தில் போகிறது. குழு தப்பித்தது.

"யாரும் ஒங்கள ஒண்டும் சொல்லலயா?" என்றேன்.

"மெனிக்கே கையப் புடிச்சுக்கிட்டா," என்றார் ராத்தா.

ஆக, உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டராலும் இனி அழிக்க முடியாதபடி, ஆறு இடத்தில் கள்ளன் பதிவாகிவிட்டான் — அவனுடைய பெயர் மட்டும்தான் பாக்கி.